இலவசத் தரவுத்தளத்தை நம்பலாமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்திற்கு இருப்புக் கணக்கையும் பில்லிங்கையும் கவனிக்கும் மென்பொருளைப் புதிதாக எழுதவிருக்கிறோம். ஒரே நேரத்தில் இருபது பேர் வரை பயன்படுத்துவார்கள். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவை இலவசம் என்பதால் தரவு பறிபோகக்கூடும், கட்டண உரிமம் பெற்ற தரவுத்தளமே பாதுகாப்பானது என்கிறார் ஆலோசகர். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: போஸ்ட்கிரஸைத் தேர்ந்தெடுங்கள். பில் பதிவாகி இருப்பு குறையாமல் நிற்கும் நிலை வரக்கூடாது என்பதுதானே உங்கள் கவலை? இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது தரவுத்தளம் பிரிக்காமல் ஒன்றாகவே செய்து முடிக்கும் ஒரே செயலுக்குள், வைத்து எழுதினால், நடுவில் மின்சாரம் போனாலும் இரண்டும் பதிவாகும், அல்லது இரண்டுமே பதிவாகா. மாற்றங்களை முதலில் பதிவேட்டில் எழுதி வட்டில் சேர்த்த பிறகே உறுதிசெய்வதால் இது நடக்கிறது. விலையுயர்ந்த தரவுத்தளங்களும் இதே முறையைத்தான் கையாளுகின்றன.

உங்கள் ஆலோசகருக்கு அந்த உரிமத்தை விற்பதில் தரகு உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். இத்தகைய உரிமங்கள் பலவற்றில் கட்டணம் பிராசசரின் கோர்களின் (அதற்குள் இருக்கும் கணக்கிடும் அலகுகளின்) எண்ணிக்கையைப் பொறுத்தது. நாளை பெரிய சர்வருக்கு மாறினால், ஒரு வரி நிரலைக்கூட மாற்றாமலே செலவு ஏறும். கட்டணத் தரவுத்தளங்களின் 'இலவசப் பதிப்பு' என்று காட்டப்படுபவற்றுக்கு அளவு வரம்பு இருக்கும். தரவு வளர்ந்து, விலகவும் முடியாத நேரத்தில்தான் அது உங்களை இடிக்கும். இத்தனைக்கும் பல நிறுவனங்களின் கொள்முதல் படிவங்கள் உற்பத்தியாளரின் ஆதரவுச் சான்றிதழைக் கேட்டு அடம்பிடிக்கின்றன. தேவையற்ற உரிமங்களில் பாதி அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகவே வாங்கப்படுகின்றன என்பது என் எண்ணம்.

உங்கள் நிரலாளர்கள் மைஎஸ்க்யூஎல்லில் தேர்ந்தவர்கள் என்றால் அதுவும் போதும். ஆனால் புதிய பதிப்பையே நிறுவச் சொல்லுங்கள். 2019இல் வந்த 8.0.16க்கு முந்தைய பதிப்புகள், 'இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது' என்பது போன்ற சரிபார்ப்பு விதியை எழுதினால் ஏற்றுக்கொண்டு, சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும்.

இலவசத் தரவுத்தளங்களில் நீங்கள் தவிர்க்க வேண்டிய ஒரே ஒரு விதிவிலக்கு எஸ்க்யூலைட். சர்வரே வேண்டாம், ஒரு கோப்பு போதும் என்று யாராவது அதைப் பரிந்துரைப்பார்கள். ஒரு கைபேசிச் செயலிக்கோ, ஒரே கணினியில் ஒருவர் பயன்படுத்தும் மென்பொருளுக்கோ அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அந்தக் கோப்பை நெட்வொர்க்கில் பகிரப்பட்ட கோப்புறையில் வைத்து இருபது கணினிகளிலிருந்து திறப்பது இன்னும் மோசம்: பகிர்வுக் கோப்பமைப்புகளின் பூட்டு பல இடங்களில் ஒழுங்காக வேலை செய்வதில்லை, அதனால் கோப்பே சிதையக்கூடும். ஆகவே உங்களுக்கு அது ஒத்துவராது.

தரவு பறிபோவது பெரும்பாலும் சோதித்துப் பார்க்காத பேக்கப்பால்தான். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, பில்களின் எண்ணிக்கையை ஒப்பிடச் சொல்லுங்கள். தரவுத்தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லும் கிளவுட் கணக்கும் ஆலோசகரின் பெயரில் அல்லாமல் உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.