அபய இல்லத்திலிருந்து வெளியே வரும் பெண்ணுக்கு வாடகை வீடு: என் தங்கை அனுபவத்திலிருந்து

"கணவன் அடிக்குத் தப்பி அபய இல்லத்தில் இருக்கும் பெண், வெளியே வரும்போது கட்டுப்படியான வாடகையில் வீடு பிடிக்க என்ன உதவி உண்டு? தமிழ்நாட்டில் வாழ்க்கைப்பட்டு இப்போது கேரளப் பக்கம் இருந்தால் எங்கே கேட்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தங்கையைப் பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்தோம். ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு வந்துவிட்டாள். அவன் என் வீட்டு வாசலுக்கே வந்து தகராறு செய்ததால் இல்லத்தில் சேர்த்தோம்.

இல்லத்தில் நாள் கணக்கு உண்டு. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு உதவி மையமான சகி மையத்தில் பொதுவாக 5 நாள்தான். கேரள அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ நடத்தும் சினேகிதா உதவி மையமும் கொஞ்ச நாள் தங்கத்தான். முன்பு ஸ்வாதார் கிரஹ் என்று இருந்து இப்போது சக்தி சதன் ஆன இல்லங்களில் கூடுதல் நாள் இருக்கலாம். அதனால் உள்ளே போன வாரமே வீட்டு வேலையைத் தொடங்கிவிடுங்கள். நாங்கள் கடைசி மாசம் வரை சும்மா இருந்துவிட்டோம்.

பதினொரு வீடு பார்த்தோம். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "வூட்டுக்காரரு எங்கீங்க?" ஒரு அம்மா பைப்பைத் திறந்து தண்ணீர் வருவதுகூடக் காட்டினார், சாவியையும் கையில் கொடுத்தார். தங்கை அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. "கூட இல்லைங்க" என்றாள். "கோவிச்சுக்காத கண்ணு, எம் மகன் வர்றேன்னு சொல்லியிருக்கான்" என்று சாவியைத் திரும்பக் கேட்டார். முடிச்சை அவிழ்க்க அவளுக்குக் கை வரவில்லை. நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

கிடைத்த ஓரிரு இடத்திலும் அட்வான்ஸ் மென்னியைப் பிடித்தது. அப்போதுதான் இலவச சட்ட உதவி வக்கீல் ஒரு விஷயம் சொன்னார். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 19-ஆம் பிரிவின்படி, கணவன் வீட்டில் இருந்த அதே வசதியில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ, அதற்கு வாடகை கட்டவோ கணவனுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். இதைத் தருமமாக நினைத்துத் தயங்காதீர்கள், அது அவள் உரிமை. 'மாமனார் பேரில் இருக்கிற வீடு, உனக்கு என்ன பாத்தியதை' என்று மிரட்டினாலும் அசர வேண்டாம். கணவனோடு குடும்பம் நடத்திய வீடு அவன் சொந்தக்காரர் பேரில் இருந்தாலும் அவள் வசிக்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் தங்கைக்கு அந்தப் படியை மறுபடி மிதிக்க மனசில்லை, வாடகைதான் கேட்டோம்.

எந்த மாநிலம் என்ற குழப்பமே வேண்டாம். 27-ஆம் பிரிவுப்படி அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே மனு போடலாம்; உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். நாங்கள் சித்தூரில் (நம்ம பாலக்காட்டுச் சித்தூர்) போட்டோம். முடிவு வரும் வரை காத்திருக்காமல் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் எங்களுக்கு ஏழு மாசம் இழுத்தது. பணம் கட்டாமல் ஏமாற்றினால், அவன் சம்பளத்திலிருந்து நேராக அவளுக்குக் கட்டச் சொல்லி முதலாளிக்கே உத்தரவு வாங்கலாம். அவன் மில் வேலைக்காரன் என்பதால் எங்களுக்கு உதவியது இதுதான்.

வக்கீலுக்குக் காசு வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-க்குக் கூப்பிடுங்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

அரசு வீட்டுத் திட்டங்களை உடனடி வழியாக நம்ப வேண்டாம். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் எல்லாம் ஒரே குடும்பம். அவன் பேரில் கான்கிரீட் வீடு இருந்தால் அவள் விண்ணப்பத்தையும் அது தடுக்கும். ரேஷன் கார்டில் பேர் பிரிக்கும் வேலையை இப்போதே ஆரம்பித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடைசியில் வீடு கிடைத்தது, தெரிந்த டீச்சர் ஒருவர் பொறுப்பேற்றுப் பேசியதால்தான். குடியேறின அன்று ஸ்டவ் வாங்குவதற்கு முன்னால் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வாங்கிப் பூட்டச் சொன்னாள் தங்கை. நீங்கள் இப்போது எந்த ஊரில் தங்கியிருக்கிறீர்கள் என்று கருத்தில் எழுத வேண்டாம், ஆபத்து. எந்த மாவட்டம் என்று மட்டும் தனிச் செய்தியில் சொல்லுங்கள். யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.