சக்தி படைத்த சிறுவர் கதைகளையே படிக்கும் பையனை என்ன செய்வது?

“பெங்களூரில் வளரும் என் பத்து வயது மகன் அபூர்வ சக்தி உள்ள சிறுவர்களின் சாகசக் கதைகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. தடுக்கவா, விடவா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக விடுங்கள். எதை வாங்கித் தருகிறோம் என்பதில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள்.

நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: அந்தச் சக்தியால் எது முடியாது? இரணியன் கேட்ட வரத்தில் எத்தனை கட்டு! பகலிலும் இரவிலும் சாகக்கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது. அதில் ஓர் ஓட்டை இருந்ததால்தான் நரசிம்மர் வர முடிந்தது. கர்ணனுக்கு அஸ்திரம் தெரியும், வேண்டிய நேரத்தில் மறந்துவிடும். எல்லாமே முடிகிற நாயகன் என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கே கொட்டாவி வரும்.

‘பெர்சி ஜாக்சன்’ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் புத்தகம் வந்தது 2005-ல். பெர்சிக்கு டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம்), ஏடிஎச்டி (கவனம் நிலைக்காத துறுதுறுப்பு) இரண்டும் உண்டு. ஒரு பள்ளியிலும் நிலைக்கமாட்டான். பிறகுதான் தெரிகிறது, அவன் கடல் தெய்வத்தின் பிள்ளை (பீமன், அர்ஜுனன் பிறப்பைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்). எழுத்துகள் குழம்புவது, அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்கென்றே அமைந்ததால். துறுதுறுப்பு, சண்டையில் உயிரைக் காப்பாற்றுவதற்கு. இதே இரண்டும் இருந்த தன் மகனுக்கு ராத்திரியில் சொன்ன கதையைத்தான் ரிக் ரியோர்டன் பிறகு புத்தகமாக எழுதினார். அதனாலோ என்னவோ, அதில் பரிதாபம் இல்லை, கிண்டல்தான் நிறைய.

அல்சூரில் எங்கள் அபார்ட்மென்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைச் சேர்த்து வாசிப்போம். வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துப் படிக்கும் பெண் ஒருத்தி வருவாள். வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும். இந்தக் கிரேக்க விஷயம் வந்த இடத்தில் ஸ்கேலை நகர்த்தவே இல்லை. “அங்கிள், அவனுக்குக் கிரேக்கமாவது வருது. எனக்கு எதுவுமே வேகமா வரலையே?”

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த பையன் சொன்னான்: “அதை வெச்சு அவன் ஸ்கூல்ல பாஸாயிட்டானா என்ன?”

அவள் கேள்வி நியாயமானது. இந்த வகைக் கதைகள் மேல் என் மனக்குறையும் அதுதான். ஒரு பிள்ளையின் சிரமத்தை ரகசியப் பரிசாக மாற்றிவிட்டால், பரிசு வராத பிள்ளை என்ன செய்யும்? பையனின் பதிலும் லேசுப்பட்டதல்ல. கிரேக்கம் தெரிந்தும் பெர்சிக்குப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தில் கதை ஏமாற்றவில்லை.

இதில் என் மனசுக்குப் பிடித்தது ‘மட்டில்டா’தான். ரோல்ட் டால் எழுதி 1988-ல் வந்தது. பார்வையாலேயே பொருளை நகர்த்தும் சின்னப் பெண். கொடுமைக்காரத் தலைமை ஆசிரியையை விரட்டி, மேல் வகுப்புக்குப் போய், மூளைக்குச் சரியான வேலை கிடைத்ததும் அந்தச் சக்தி போய்விடுகிறது. அதற்காக அவள் அழுவதுமில்லை. சக்தியைப் பிடுங்கிக்கொண்டும் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிற கதை லேசில் அமையாது.

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கதை வேண்டுமென்றால், சங்கு மந்தண்ணாவின் ‘கிக்கி கல்லிரா’. ஓயாமல் கவலைப்படும் பெண் வரைந்த மைசூர் நிஜமாகிவிடுகிறது, கூடவே அசுரனும்.

‘தீர்க்கதரிசனத்தில் சொன்ன அந்த ஒருவன் நீதான்’ என்பதை மட்டுமே நம்பி ஓடும் புத்தகங்களை நான் தவிர்ப்பேன், அட்டைதான் பளபளக்கும். தொடர் என்றால் முழு செட்டாக வாங்காதீர்கள். சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் முதல் பாகத்தை மட்டும் எடுங்கள். அவன் முடித்ததும், “இவனுக்கு எது வராது?” என்று கேளுங்கள். பதில் டக்கென்று வந்தால் இரண்டாவதை வாங்கலாம்.