பொறியியல் முடித்தவர் மருத்துவத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் செய்யலாமா? மருத்துவமும் படிக்க வேண்டுமா?

தாராளமாகச் செய்யலாம். பொதுவாக மருத்துவப் பட்டம் கேட்க மாட்டார்கள். ஆனால் முடித்தபின் நீங்கள் மருத்துவராகிவிட மாட்டீர்கள். பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 1970இல் சேர்ந்து தொடங்கிய திட்டம் இதில் முன்னோடி. அங்கே பொறியியல் ஆய்வு மாணவர்களும் மருத்துவப் பாடங்களைப் படிக்கிறார்கள், அப்புறம் மருத்துவமனையில் நேரடிப் பயிற்சியும் பெறுகிறார்கள்.

பொறியியல் ஆளுக்கு வார்டில் என்ன வேலை? இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பாருங்கள். சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளை அனுப்பி, இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற விகிதத்தைப் பார்க்கிறது. அந்த விகிதத்தை ஆக்சிஜன் அளவாக மாற்ற, தன்னார்வலர்களிடம் முன்பே எடுத்த அளவீடுகள் வேண்டும். தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும் அல்லவா! அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவைக் கருவி தவறவிட்டது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. இது ஒளியியல் சிக்கலா, தரவுச் சிக்கலா, சிகிச்சைச் சிக்கலா? மூன்றும்தான். மூன்றையும் ஒரே தலைக்குள் வைத்துப் பார்க்கத்தான் இந்தப் பயிற்சி.

சரி, நடைமுறைக்கு வருவோம். பெரும்பாலும் பொறியியலில் ஒருவர், மருத்துவத்தில் ஒருவர் என இரண்டு நெறியாளர்கள் இருப்பார்கள். மருத்துவர் பெயரளவுக்கு மட்டும் இருந்தால் சேராதீர்கள். நோயாளிகளின் தரவைத் தொடவே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.