ஒக்டோபர் வந்தால் ஏன் வோட்டில் காசு இருப்பதில்லை?

கேள்வி: பண்டாரவளைக்குக் கிட்ட, ஒரு திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு உத்தியோகத்தராக இருக்கிறேன். மலைச்சரிவுகளில் மழைமானியும் மண் ஈரமானியும் வைத்து அளப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபரில் எரிபொருளுக்கும் பயணப்படிக்கும் காசு தீர்ந்துவிடுகிறது. போன வருடம் கேட்ட புதிய கருவியும் வெட்டுப்பட்டது. அடுத்த வருடச் செலவு மதிப்பீட்டை என்னையே தயாரிக்கச் சொல்லிவிட்டார்கள். விஞ்ஞானம் படித்த எனக்குக் கணக்கு பாஷை புரியவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: நீங்கள் ஒக்டோபர் என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது மகள், கோபிக்க வேண்டாம். முப்பது வருடம் வோட் லெஜர், அதாவது ஒதுக்கிய காசில் எவ்வளவு போனது என்ற பேரேடு, எழுதியவன் நான். ஒவ்வொரு ஒக்டோபரிலும் இதே முறைப்பாட்டுடன் யாராவது ஒருவர் என் மேசைக்கு முன்னால் நிற்பார்.

நம் நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. மழைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கினிகத்தேனை, நோர்வூட் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. உங்கள் ஊவாச் சரிவுகளில் ஒக்டோபரில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. உங்கள் ஊவாவில் மீரியபெத்தை மண்சரிவு நடந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. உங்கள் வேலை உச்சத்துக்கு வரும் நேரத்தில்தான் கணக்குக் கிளை புத்தகத்தை மூட ஆயத்தமாகிறது. வருடக் காசைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் செலவழித்தால், வெயில் மாதங்களில் தாராளமாக ஓடிவிட்டு மழை மாதங்களில் வாகனம் கொட்டகையில் நிற்கும். ஆகவே மதிப்பீட்டோடு மாதவாரிச் செலவுத் திட்டம் ஒன்றையும் வையுங்கள். கடைசி மூன்று மாதங்களுக்குக் களச்செலவில் பாதியை ஒதுக்கினாலும் தப்பில்லை. ஏன் அப்படி என்பதற்கு உங்களிடம் இருக்கும் மழைப் பதிவே சாட்சி. கணக்காளருக்கு அதை ஒரு வரைபடமாகக் காட்டினால் போதும். என்னிடம் ஒருவரும் அப்படிக் கொண்டுவந்து காட்டவில்லை.

அடுத்ததாக, உங்கள் நிறுவனம் எந்த வகை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். திணைக்களம் என்றால் அதற்கென்று ஒரு செலவினத் தலைப்பு இருக்கும்: விவசாயத் திணைக்களத்துக்கு 285, வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு 304. சம்பளம் முதல் முத்திரை வரை ஒவ்வொன்றும் அந்தத் தலைப்பின் கீழ் தனித்தனி இலக்கம் கொண்ட விடயமாகப் பிரிந்து கிடக்கும். நீங்கள் விதையோ கன்றோ விற்றாலும், மண் பரிசோதனைக்குக் கட்டணம் வாங்கினாலும், அந்தக் காசு அரசின் பொதுப் பணப்பையான திரட்டு நிதியத்துக்குப் போய்ச் சேரும். எடுத்து டீசல் அடிக்க முடியாது. சட்டத்தால் அமைந்த நிறுவனங்களின் கதை வேறு. கண்டி ஹந்தானையில் இருக்கும் தேசிய அடிப்படை ஆய்வு நிறுவகம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அந்த மாதிரி நிறுவனத்துக்குத் திறைசேரி மொத்தமாக ஒரு மானியம் கொடுக்கும், அமைச்சின் தலைப்புக்குள் மீண்டெழும் செலவுக்கு (சம்பளம், எரிபொருள் போல வருடாவருடம் வருவது) 1503, மூலதனத்துக்கு (கருவி, கட்டடம் போன்றவை) 2201 என்று. உள்ளே எப்படிப் பிரிப்பது என்பதை அவர்களுடைய சபை பார்த்துக்கொள்ளும். இப்போது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கியபோது இரண்டும் இல்லாத மூன்றாவது வழி இருந்தது. ஏற்றுமதியாகும் தேயிலையில் ஒரு தீர்வை பிடித்து ஆராய்ச்சி நடத்தினார்கள். கொழுந்து எடுத்தவர்களின் உழைப்பிலிருந்து நேராக ஆய்வுகூடத்துக்குப் போன காசு. அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சரி, காலத்துக்கு வருவோம். பலரும் நவம்பரில் நிதியமைச்சர் பேசும் நாளில்தான் எல்லாம் தீர்மானமாகிறது என்று நினைக்கிறார்கள். அது ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு. அதற்குள் மதிப்பீட்டுப் புத்தகத்தில் உங்கள் தொகை அச்சாகி முடிந்திருக்கும். உண்மையான இழுபறி நடப்பது ஆண்டின் நடுப்பகுதியில். தேசிய வரவு செலவுத் திட்டத் திணைக்களம் சுற்றுநிருபம் அனுப்பி அமைச்சுகளிடம் மதிப்பீடு கேட்கும், கூடவே உச்சவரம்பும் வரும். அந்த உச்சவரம்பு இப்போது முன்னைவிட இறுக்கம். 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டப்படி, வட்டி நீங்கலான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேலே அப்படி ஒரு கூரை போட்டிருக்கும்போது, கீழே நீங்கள் கூடுதலாகக் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவரின் பங்கில் இருந்துதான் வர வேண்டும். திணைக்களத் தலைமையகம் வெட்டும், அமைச்சு வெட்டும், திறைசேரி வெட்டும். உங்கள் தாள் தலைமையகத்துக்கு ஜூன் முடிவதற்குள் போய்விட வேண்டும். செப்டெம்பரில் அனுப்பும் கோரிக்கையை "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று பைலில் போட்டுவிடுவார்கள்.

நாட்டு நிலைமையால் இந்த ஒழுங்கு சில வருடங்களில் குலையும். 2025க்கான வரவு செலவுத் திட்டம் அந்த வருடம் பெப்ரவரி 17ஆம் திகதிதான் வந்தது. முதல் நான்கு மாதங்கள் இடைக்காலக் கணக்கறிக்கையில் ஓடியது. அப்படியான வருடத்தில் புதிய வேலை எதுவும் நகராது. பழைய வேலைக்கு மட்டும் காசு வரும்.

இப்போது எரிபொருளுக்கு வருவோம். என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேர் "போன வருடச் செலவு, கூட்டல் பத்து வீதம்" என்றுதான் எழுதுவார்கள். அந்தப் பத்தை முதலாவது ஆளே வெட்டிவிடுவார். அதனால் வேலையிலிருந்து தொடங்குங்கள். பேச்சுக்கு உங்களிடம் 12 மழைமானிகள் என்று வைப்போம். ஒவ்வொன்றையும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். அதாவது வருடத்துக்கு 72 தடவை. மலைப்பாதையில் ஒரு நாளில் இரண்டுதான் பார்க்கலாம், ஆக 36 வாகன நாட்கள். நாளுக்கு 90 கிலோமீற்றர் என்றால் 3,240. ஏற்ற இறக்கத்தில் உங்கள் கெப் வண்டி லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடினால் 405 லீற்றர் டீசல். அதை அன்றைய விலையால் பெருக்கினால் 1202ஆம் விடயத்தில் எழுத வேண்டிய தொகை. அதே 36 நாட்களை வைத்து இரண்டு பேருக்கு உள்நாட்டுப் பயணப்படி போடுங்கள், அது 1101. இதைக் குறைக்க நினைப்பவர், எந்த மழைமானியைப் பார்க்காமல் விடுவது என்று சொல்லியாக வேண்டும். பேனா வைத்திருப்பவர்கள் அந்தப் பொறுப்பை விரும்புவதில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100க்கு அம்பர், 150க்குச் சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மழைமானியின் வாளிக்குள் சிலந்தி கூடு கட்டி, புனலில் இலை அடைத்து, 150 பெய்த இரவில் அது 60 என்று காட்டினால்? உங்கள் கோரிக்கையின் முதல் வரியில் எழுத வேண்டியது இதைத்தான். "ஆராய்ச்சி நடவடிக்கைகளை மேம்படுத்த" என்ற வசனத்தை ஆயிரம் தாளில் படித்துக் களைத்தவர்கள் அவர்கள்.

கருவி விடயம்தான் பெரிய தலையிடி. முன்பு நான் கணக்காளராக இருந்த ஓர் இடத்தில் நவம்பர் கடைசியில் மூலதனத்தில் காசு மிஞ்சியிருந்தது. ஓடி ஓடி கொட்டேஷன் எடுத்து, டிசம்பர் இறுதிக்குள் ஒரு பகுப்பாய்வுக் கருவியை இறக்கி வவுச்சரையும் முடித்தோம். பெட்டியைத் திறந்தபோதுதான் அதற்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும் என்று தெரிந்தது. கட்டடத்தில் அது இல்லை. மின் இணைப்புக்கு அடுத்த வருட மதிப்பீட்டில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. ஒன்றரை வருடம் பெட்டி அப்படியே இருந்தது, அதற்குள் உத்தரவாதக் காலமும் முடிந்துபோனது. கணக்காய்வு வினா வந்தபோது பதில் எழுதியது நான்தான். அந்தக் கடிதத்தை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன்.

அதனால் மூலதனத்தில் கருவிகளுக்கான 2103இல் கேட்கும்போது, அதே தாளில் அதன் அடுத்த ஐந்து வருடச் செலவையும் எழுதுங்கள். மின் இணைப்பு, மின்சாரக் கட்டணம், அளவுத்திருத்தம், இரசாயனம், பராமரிப்பு ஒப்பந்தம். நம் பக்கத்துக் குளிரிலும் ஈரத்திலும் வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கும், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கும். மதிப்பீட்டுப் புத்தகத்தில் வரும் வருடத்தை அடுத்து இன்னும் இரண்டு வருடங்களுக்கு எதிர்வுகூறல் நிரல்கள் உண்டு. பலர் அதில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணை நிரப்புவார்கள். நீங்கள் அதை உண்மையாக நிரப்பினால் திறைசேரிக்காரருக்கு உடனே கண்ணில் படும்.

வெளிநாட்டு உதவித் திட்டத்தில் வந்த கருவிகளுக்கும் இதே கணக்குதான். திட்டம் இருக்கும்வரை சிம் காட், பற்றரி, ஆள் எல்லாம் அவர்கள் செலவு. திட்டம் முடிந்த மறுமாதமே டேட்டா பில் உங்கள் பெயருக்கு வரும். திட்டம் முடிவதற்கு முந்திய வருடமே அந்தச் செலவை உங்கள் மீண்டெழும் செலவுக்குள் நுழைத்துவிடுங்கள்.

ஒரு சட்ட விடயத்தை மட்டும் மறக்க வேண்டாம். மூலதனத்தில் மிஞ்சியதை எடுத்து மீண்டெழும் செலவுக்குப் போட ஒதுக்கீட்டுச் சட்டம் விடாது. மீண்டெழும் செலவு விடயங்களுக்குள் மாற்றிக்கொள்ள நிதிப் பிரமாணம் 66 வழி விடும், அதற்கும் அனுமதி வேண்டும். ஒதுக்கீட்டை மீறிக் கடன் சொல்லி வேலை செய்விப்பதை நிதிப் பிரமாணம் 94 தடுக்கிறது. பெற்றோல் ஷெட்டில் "ஜனவரியில் தாறேன்" என்று சொல்லும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

போன வருடம் உங்கள் கருவி ஏன் வெட்டுப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகம், அந்த வருடம் உங்கள் திணைக்களம் ஓகஸ்ட் வரை மூலதன ஒதுக்கீட்டில் சொற்பம்தான் செலவழித்திருக்கும். மதிப்பீட்டுக் கூட்டத்தில் திறைசேரிக்காரர் முதலில் பார்ப்பது அந்த நிரலைத்தான். கிடைத்ததையே செலவழிக்காதவருக்கு மேலே கொடுக்க யாருக்கு மனம் வரும்? டிசம்பர் 31 தாண்டினால் மிச்சம் திரும்பிப் போய்விடும், அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. எனவே விவரக்குறிப்பை முந்திய வருடமே எழுதி வைத்துவிட்டு, ஜனவரியில் பெறுகையைத் தொடங்குங்கள். கேள்விப்பத்திரம், மதிப்பீட்டுக் குழு, இறக்குமதி என்று எட்டு மாதம் எங்கே போனது என்றே தெரியாது.

ஆள் தேவை என்றால் அதை மதிப்பீட்டில் மட்டும் எழுதிப் பலனில்லை, பதவிக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அப்புறம், வருட நடுவில் மேலதிகக் காசு கேட்டு வரும் குறைநிரப்பு மதிப்பீட்டை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். 'டித்வா' புயலுக்குப் பிறகு 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 500 பில்லியன் ரூபாய்க்கு ஒன்றை நிறைவேற்றியது உண்மை. மலை சரிந்த பிறகு வரும் காசு அது. உங்கள் டீசல் அதற்கு முன்னால் வேண்டும்.

நாளைக்கு வேலைக்குப் போனதும் சாரதி அண்ணனிடம் கடந்த மூன்று வருட ரன்னிங் சார்ட்களைக் கேட்டு வாங்குங்கள். எந்த மாதம் எத்தனை கிலோமீற்றர், எந்தச் சரிவுக்கு எத்தனை தடவை என்று ஒரு தாளில் இறக்கி, பக்கத்தில் அந்தந்த மாத மழையை எழுதுங்கள். அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினால், எந்த விடயத்தில் எவ்வளவு போடலாம் என்று உட்கார்ந்து பார்க்கலாம்.