பத்து நாளில் மாறிப்போன அம்மா

கேள்வி: அம்மாவுக்கு வயது 79. பாளையங்கோட்டையில் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருடமாகத் தனியறையில் இருக்கிறார். பத்து நாளாக ராத்திரி எழுந்து, காலமாகிவிட்ட அப்பாவைத் தேடுகிறார். ஒருநாள் பாத்ரூமில் விழுந்தும் விட்டார். முழுநேர கவனிப்புப் பிரிவுக்கு மாற்றச் சொல்கிறார்கள். நான் பெங்களூரில் இருக்கிறேன். மாற்றிவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ‘பத்து நாளாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் முக்கியம். மறதி நோய் பொதுவாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. போன மாதம் வரை தெளிவாக இருந்தவர் திடீரென்று குழம்பினால் அதை டெலிரியம் என்போம், மூத்திரத் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை என்று பெரும்பாலும் ஒரு காரணம் உள்ளே இருக்கும். பிரஷருக்கு எழுதும் சில மாத்திரைகளே வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கிவிடும். எனவே இன்றே ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்: ரத்தம், சிறுநீர், அப்புறம் படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர், மேல் அளவு 20 இறங்கினால் விழுந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தலையில் அடிபட்டிருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ சிடி ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் தெளிவு வரச் சில வாரம் ஆகலாம். பிரிவு மாற்றுவதை அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள். குளிப்பது, உடுத்துவது, கக்கூஸ் போவது, கட்டிலிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது என்ற இந்த ஆறில் எதையெல்லாம் துணையில்லாமல் செய்கிறார் என்று டாக்டர்கள் நாங்கள் பார்ப்போம். கேள்வி மட்டும் கேட்டுப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். என்னிடம் வந்த ஒரு ஆச்சி, “ஏன் டாக்டரே, என்னையக் கிறுக்கின்னு நெனச்சிட்டியளோ?” என்று சிரித்தபடி நாள், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார், ஜாக்கெட் கொக்கிகள் ஒன்று மாறி ஒன்று மாட்டியிருந்தன, அந்த வார மாத்திரை அட்டை பிரிக்காமலே தலையணைக்கடியில் கிடந்தது.

முடிந்தால் வந்து, கருப்பட்டிக் காபியோடு கிளம்பிவிடாமல், ஒரு ராத்திரி அம்மா அறையிலேயே படுங்கள். இரண்டு மணிக்கு எழுந்தால் தானே பாத்ரூம் போய்த் திரும்புகிறாரா, பெல் அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்று பாருங்கள். தூக்கிவிட எப்போதும் ஆள் வேண்டும், சாப்பிடும்போது புரையேறுகிறது, கேட்டைத் தாண்டிப் போய்விடுகிறார் என்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

அதுவரை ராத்திரிக்கு மட்டும் துணைக்கு ஒரு ஆள் போட முடியுமா என்று கேளுங்கள். இல்லை, இப்போதே மாற்றியாக வேண்டும் என்றால் சரி, ஆனால் தற்காலிகம் என்றும் ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றும் எழுதி வாங்கிக்கொண்டு, பழைய அறையை அதுவரை வைத்திருக்கச் சொல்லுங்கள்.