உயர மாத்திரை – கடிதம்

வணக்கம் அண்ணா,

எனக்கு 17 வயது, படிவம் 5. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். உயரம் 161 செ.மீ., அப்பா 162, அம்மா 152. தோட்டத்துக் குழுவில் கோல் கீப்பராக இருந்தேன், குள்ளம் என்று இந்த வருடம் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் உயர மாத்திரை விற்கிறார். மூன்று மாதத்துக்கு 390 ரிங்கிட், 8 செ.மீ. உறுதி என்கிறார். லீவில் செம்பனை உதிரி பொறுக்கிச் சேர்த்த காசு இருக்கிறது. வாங்கலாமா? 11 வயது தங்கைக்கும் கொடுக்கச் சொல்கிறார்.

தம்பி,

வாங்காதே. வெயிலில் குனிந்து குனிந்து பொறுக்கிய காசு அது. தங்கைக்கும் அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம்.

கோழிக்கறியில் கால் எலும்பு நுனியில் வெள்ளையாக, கடித்தால் நறுக்கென்று ஒரு குருத்து இருக்குமே, அது மாதிரி ஒரு மெல்லிய தட்டு நம் கை கால் எலும்புகளின் நுனிக்குச் சற்று உள்ளே இருக்கிறது. அதில் செல்கள் பெருகி வரிசை வரிசையாக அடுக்கும், பழைய வரிசை இறுகி எலும்பாகும், எலும்பு நீள்வது அப்படித்தான். பருவ வயதில் அந்த வேலையை முடுக்கிவிடுகிற ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் கடைசியில் தட்டையும் மூடுகிறது, பையன்களுக்கும் அதேதான். 1994இல் மருத்துவர்கள் ஒரு மனிதரைப் பற்றி எழுதினார்கள்: 28 வயது, 204 செ.மீ., அவர் உடம்பு ஈஸ்ட்ரோஜனுக்கு மசியவே இல்லை, அதனால் தட்டுகள் மூடாமல் இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார், எலும்பும் வலுவில்லாமல் போயிருந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14, 15 வயதிலும் பையன்களுக்கு 16லிருந்து 18க்குள்ளும் தட்டு மூடிவிடும். மூடினதை எந்த மாத்திரையும் திறக்காது.

நானும் 19 வயதில் பள்ளித் திடல் கம்பியில் தினமும் தொங்கியிருக்கிறேன். காலையில் லயத்து வீட்டு நிலைக்கதவில் கோடு போட்டால் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கும், அவ்வளவு சந்தோஷம், சாயங்காலம் பார்த்தால் பழைய கோடுதான். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகளில் தண்ணீர் ஊறும், பகலில் நடக்க நடக்க வடிந்துவிடும், கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

சரி, உன் விஷயம். அரசாங்க கிளினிக்கில் கேள், டாக்டர் தேவை என்று நினைத்தால் இடது கைக்கு எக்ஸ்ரே எழுதித் தருவார். விரல் எலும்புகளின் நுனிப் பக்கம் கறுப்பாக மெல்லிய கோடு தெரிந்தால் தட்டு திறந்திருக்கிறது என்று அர்த்தம். உனக்குக் குரல் உடைந்தது போன வருடம்தான் என்றால் இன்னும் கொஞ்சம் வளர வாய்ப்புண்டு. அப்பா அம்மா உயரத்தைக் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் ஒரு பையன் ஏறத்தாழ எட்டக்கூடிய உயரம் வரும், உனக்கு அது 163.5, அதை ஒட்டித்தான் நீயும் இருக்கிறாய், உன்னிடம் ஒரு குறையும் இல்லை. மெக்ஸிகோவின் ஹோர்ஹே காம்போஸ் 168 செ.மீ. உயரத்தோடு உலகக் கிண்ணத்தில் கோல் காத்தவர், அவர் ஆட்டத்தைத் தேடிப் பார், உன் கோச்சுக்கும் காட்டு.

எனக்குக் கவலை உன் தங்கையைப் பற்றித்தான். அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது, வயதுக்கு வந்த பிறகு பெண் பிள்ளைகள் சில சென்டிமீட்டர்தான் வளர்வார்கள். இன்றைக்கே சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதி வை. ஆறு மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் அம்மாவோடு டாக்டரிடம் கூட்டிப் போ. அப்புறம் எனக்கும் எழுது.