சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: வருமான வரிக் கணக்கு தயாரித்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரங்களும் இலவச மின்னஞ்சல் கணக்கில் கிடப்பது உறுத்துகிறது. மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, சொந்த டொமைன் பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) மின்னஞ்சலை நானே நடத்தினால் அந்தரங்கம் காக்கப்படுமா?

பதில்: ஓரளவு காக்கப்படும்; நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அல்ல. உங்கள் வாடிக்கையாளர் ஜிமெயில் வைத்திருந்தால், நீங்கள் எந்த சர்வரிலிருந்து அனுப்பினாலும் அந்த மடலின் ஒரு பிரதி கூகுளிடம் போய்ச் சேர்ந்துவிடும். வாடகை சர்வரின் வட்டும் வேறொரு நிறுவனத்தின் கட்டடத்தில்தான் இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளில் இருந்த ஓட்டைகள் வழியாக, அதைச் சொந்தமாக நிறுவி நடத்திய பல்லாயிரம் அலுவலகங்களின் சர்வர்களுக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். மைக்ரோசாஃப்டே நடத்திவந்த எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவைக்கு அந்தப் பாதிப்பு இல்லை. திருத்தம் வெளியான அன்றே உட்கார்ந்து அதை நிறுவ ஆள் இல்லாத அலுவலகத்துக்கு, அதுவும் ஜூலை மாதக் கணக்குத் தாக்கல் நெருக்கடியில், சொந்த சர்வர் ஒரு பெரிய சுமை. மடல் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று பெறுபவரின் சர்வர் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைச் சரியாக அமைக்காவிட்டால் மடல்கள் ஸ்பேம் பெட்டிக்குப் போகும் அல்லது திருப்பி அனுப்பப்படும் என்பது தனித் தொல்லை.

ஆனால் டொமைனைக் கட்டாயம் வாங்குங்கள். அது உங்கள் பெயரில் இருந்தால், மின்னஞ்சல் சேவை பிடிக்காதபோது டொமைனுக்கு வரும் மடல்கள் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றிவிட்டு, முகவரி மாறாமலே வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். இணையதளம் செய்து கொடுப்பவர் தம் பெயரிலேயே டொமைனைப் பதிவு செய்துவிடுவது நம்மிடையே அடிக்கடி நடக்கிறது. பதிவுக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். புதுப்பிக்க மறந்து டொமைன் காலாவதியானால், பிறகு அதை வாங்குபவர் உங்களுக்கு வரும் மடல்களையெல்லாம் பெறுவார். அந்த முகவரியைக் கொடுத்த கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அவருக்கே போகும். ஆகவே டாட் காம் பெயரைப் பத்தாண்டுகள் வரை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம் என்ற வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பதிவு நிறுவனத்திடம் கொடுக்கும் மீட்பு முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் போனால் எச்சரிக்கை மடலும் வந்து சேராது.

மடல்களைக் கட்டணச் சேவை ஒன்றிடம் ஒப்படைத்து, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். பான் எண் உள்ள ஆவணங்களைக் கடவுச்சொல் இட்ட பிடிஎஃப் கோப்பாக அனுப்பி, அந்தக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். பான் எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்த்துக் கடவுச்சொல் அமைக்கும் வழக்கம் வேண்டாம், அவை இரண்டும் ஏற்கெனவே பலர் கையில் இருக்கின்றன.